மூன்று ஆள் டென்ட்

மழையை ஒரு சொட்டுகூட உள்ளே விடாததாகவும், மலைக்காற்றுக்கு வளைந்தாலும் ஒடியாததாகவும், முதுகில் ஏற்றினால் தோள்பட்டை கழன்று போகாததாகவும், வாங்கிய பிறகு மாசக் கடைசியில் யாரிடமும் கைநீட்ட வைக்காததாகவும் ஒரு டென்ட் வேண்டும் என்று ஈஸ்வரமூர்த்தி வைகாசி மாதம் முழுக்க அலைந்தான். செல்போனில் டென்ட் வீடியோக்களாகப் பார்த்தான், சோறு தின்னும்போது பார்த்தான், கக்கூசில் உட்கார்ந்து பார்த்தான், பனியன் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசராக நின்றபடி அட்டைப்பெட்டிகளின் மறைவில் பார்த்தான், ஒற்றைத் துணியா இரட்டைத் துணியா, கம்பி ஃபைபரா அலுமினியமா, தையலுக்கு மேல் டேப் ஒட்டியிருக்கிறதா என்று முன்பின் தெரியாதவர்களையெல்லாம் நிறுத்திக் கேட்டான். பெண் பார்க்க வந்தபோது இதில் கால்வாசிகூட இந்த மனுசன் விசாரிக்கவில்லை என்று அவன் மனைவி கலாமணி தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். கம்பெனியில் கூட வேலை செய்கிறவர்கள் சோலைக்கரட்டு மலைக்கு ஏறிப்போய் டென்ட் அடித்துத் தங்கி, மேகத்துக்கு நடுவில் டீ குடிக்கிற போட்டோவை ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார்கள். அதுதான் காரணம், வேறு ஒன்றுமில்லை.

அந்த வீட்டில் இருந்தது நாலு பேர். ஈஸ்வரமூர்த்தி, கலாமணி, அவர்கள் மகள் கனிஷ்கா, ஈஸ்வரமூர்த்தியின் அக்காள் பொன்னாத்தா. யார் எண்ணினாலும் நாலுதான் வரும், அந்த வீட்டுக்காரர்கள் எண்ணினால் மட்டும் மூன்று வரும். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் அவர்கள் உட்கார, பொன்னாத்தா பையோடு நின்றுகொண்டு வருவாள். கோயிலுக்குப் போன ஊரில் மூன்று பேருக்கு ரூம் போட்டால் நாலாவதாக அவள் சுவரோரம் முந்தானையை விரித்துப் படுத்துக்கொள்வாள். கல்யாண வீட்டுப் போட்டோவில் எல்லோரும் நிற்க, எல்லோருடைய செல்போனும் அவள் கையில் இருக்கும். கட்டியவன் ஆறே மாதத்தில் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனதிலிருந்து அவள் அப்படித்தான், யாரும் அவளை அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை, எண்ணும்போது விட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். கனிஷ்கா மட்டும் பிறந்த நாளிலிருந்து அவளுடைய இடது கையில் தலைவைத்துத்தான் தூங்கினாள், பொன்னாத்தாவுக்கு உலகத்தில் சொந்தமென்று இருந்தது அந்தக் கை மரத்துப்போகிற வலி ஒன்றுதான்.

கருக்கம்பாளையம் கடைவீதியில் துரைசிங்கம் தார்ப்பாய்க் கடை இருக்கிறது. லாரிக்குப் போர்த்துகிற தார்ப்பாய், நெல் காயப்போடுகிற படுதா, மழைக்கோட்டு என்று விற்றுக்கொண்டிருந்தவர், ஊர்க்காரர்களுக்கு மலையேறுகிற கிறுக்குப் பிடித்ததும் டென்ட்டும் கொண்டுவந்து தொங்கவிட்டார். நாலு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனார்கள். ஈஸ்வரமூர்த்தி துணியின் மேல் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி அடியில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துப் பார்த்தான், தையலை நகத்தால் நெருடினான், கம்பியை வில்லாக வளைத்தான், ஜிப்பை மேலும் கீழும் இழுத்து இழுத்துக் கடைக்காரரின் பொறுமையையும் சேர்த்து இழுத்தான், கடைசியில் கடை நடுவிலேயே ஒன்றை விரிக்கச் சொல்லி உள்ளே மல்லாந்து படுத்துக் கால் நீட்டினான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிறவன். அழுக்குத் தெரியாத கலர் வேண்டும் என்றாள் கலாமணி. கொசுவலை வைத்த ஜன்னல் வேண்டும் என்றாள் கனிஷ்கா. பொன்னாத்தா எல்லோருடைய செருப்புக்கும் காவலாக வாசலில் நின்றாள்.

"எத்தன ஆளுக்குங்க?" என்று துரைசிங்கம் கேட்டார்.

"மூணு ஆளு" என்றான் ஈஸ்வரமூர்த்தி.

கடைக்காரர் தலையைத் தூக்கி நின்றவர்களைப் பார்த்தார். "சரியாச் சொல்லீருங்க. இந்தச் சரக்குல மூணுன்னா மூணுதானுங்க, அட்ஜஸ்ட்மென்ட் ஆகாது. எத்தன ஆளுக்கு?"

நாலு ஆள் டென்ட் என்ன விலை என்று ஈஸ்வரமூர்த்தி விசாரித்தான். வித்தியாசம் ஒரு கேஸ் சிலிண்டர் விலைதான். அதுபோக ஒரு கிலோ எடை கூட. அவன் சிலிண்டரை நினைத்தான், தன் முதுகையும் நினைத்தான். "மூணு போதுமுங்க. அக்கா ஓரமாப் படுத்துக்கும்."

துரைசிங்கம் மூன்றாம் தடவை அவனைக் கேட்கவில்லை. வாசலைப் பார்த்து, "அம்மா, நீங்க சொல்லுங்க, எத்தன ஆளு?" என்றார்.

விருந்துக்குப் போன இடத்தில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்ற வந்தால் எப்படிக் கையை மறித்துச் சிரிப்பாளோ அப்படிச் சிரித்துக்கொண்டு பொன்னாத்தா சொன்னாள்: "மூணுதானுங்க. நான் எங்கயாச்சும் முடங்கிக்குவேன்."

கடைக்காரர் டென்ட்டை மடித்துப் பைக்குள் போட்டுக் கொடுத்தார்.

ஆனி மாதத்தில் சோலைக்கரடு ஏறினார்கள். ஈஸ்வரமூர்த்தி டென்ட்டைத் தூக்கினான். மற்றதை, அதாவது அரிசி, பருப்பு, அடுப்பு, பாய், போர்வை, கலாமணியின் முழங்கால் தைலம் எல்லாவற்றையும் பொன்னாத்தா தூக்கினாள். மேலே போய்ப் புல்வெளியில் டென்ட் அடித்து, சோறு பொங்கித் தின்று கைகழுவும்போது மலை கறுத்துக்கொண்டு வந்தது, மரங்கள் தலையைச் சிலுப்பின, அப்புறம் பெய்தது பாருங்கள் ஒரு மழை, யானை குளிக்கிற மழை. நாலு பேரும் உள்ளே ஓடி ஜிப்பை இழுத்துவிட்டுப் படுத்தார்கள். துணியின்மேல் மழை முரசு கொட்டியது. மூன்று பேர்மேல் ஒரு சொட்டு விழவில்லை. பொன்னாத்தாமேல் மட்டும், அவள் உடம்பு எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்துக்கு, எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கு, மழை துணி இருப்பதே தெரியாததுபோல நேராக இறங்கிப் பெய்தது.

"நங்கையா, சித்தெ அக்கட்டால தள்ளிப் படுங்க, பாயி நனையுது" என்றாள் கலாமணி. கணவனின் அக்காளை அந்தப் பக்கம் நங்கையா என்பார்கள், மரியாதையான சொல்.

ஈஸ்வரமூர்த்தி எழுந்து அக்காளுக்கு நேர் மேலே துணியைத் தடவிப் பார்த்தான். காய்ந்து கிடந்தது. தையல் பிரியவில்லை, டேப் உரியவில்லை. "டென்ட்டுல ஒரு கொறையுமில்ல" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் படுத்தான். ஒரு மாதம் அலைந்தது வீண்போகவில்லை என்று அவனுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

வீடு திரும்பியதும் பொன்னாத்தா அடுப்படியில் தோசை ஊற்றும்போது கான்கிரீட் கூரை வழியாக வெயில் அவள்மேல் விழுந்தது. மேலே ஓட்டை இல்லை, விரிசல் இல்லை, கூரைக்கு மேல் தண்ணீர்த் தொட்டிகூட இருந்தது, வெயிலோ தொட்டியையும் தண்ணீரையும் கான்கிரீட்டையும் கடந்து வந்து அவளைச் சுற்றி ஒரு முறம் அகலத்துக்கு வட்டம் போட்டது, அவள் அம்மிக்கு நகர்ந்தால் வட்டமும் நகர்ந்தது. குடை பிடித்துப் பார்த்தார்கள், குடைக்கு நிழலே விழவில்லை. மழைக்கோட்டு போட்டுப் பார்த்தார்கள், கோட்டுக்குள்ளேயே பெய்தது. கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்தார்கள், கட்டிலில் படுத்திருந்த கனிஷ்கா நனையவில்லை, அடியில் அவள் நனைந்தாள். மேஸ்திரி ஒருவர் வந்து மொட்டை மாடி முழுக்க வெள்ளைப் பூச்சு அடித்துப் பத்து வருஷத்துக்கு கேரண்டி கொடுத்துவிட்டுப் போனார். அவர் போய்ச் சேருவதற்குள் தூறல் விழுந்தது, பொன்னாத்தா பூஜை அறையில் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள், விளக்கு அணைந்தது.

ஈஸ்வரமூர்த்தி அக்காளைக் கூட்டிக்கொண்டு தார்ப்பாய்க் கடைக்குப் போனான். துரைசிங்கம் அவள்மேல் கடைக்குள்ளேயே அடித்துக்கொண்டிருந்த வெயிலைப் பார்த்தார், ஆச்சரியப்படவில்லை.

"கூரைன்னா என்னங்க, யாராருக்குன்னு சொல்லி நிறுத்தறதுதான கூரை? நான் மூணு தடவ கேட்டேன். மூணு தடவையும் மூணுன்னீங்க, கடைசியா இந்தம்மாவே சொல்லுச்சு. ஒரு கூர ஒரு ஆள விட்டுப்போட்டுதுன்னா எல்லாக் கூரையும் விட்டுப்போடும்."

"இதுக்கு என்னங்க வழி?"

"ஒண்ணும் பெரிய வழியில்ல. நாலு ஆள் டென்ட் ஒண்ணு எடுங்க. நாலு பேரும் வந்து நின்னு, நாலுன்னு வாயைத் தொறந்து சொல்லுங்க. ஊட்டுக் கூரையும் தானாச் சரியாப் போயிரும்."

ஈஸ்வரமூர்த்தி யோசித்தான். ஏற்கனவே ஒரு டென்ட் இருக்கிறது, புத்தம் புதுசு, குறையில்லாதது, கடைக்காரர் அதைத் திரும்ப எடுக்க மாட்டார். ரெண்டு டென்ட்டை வைத்துக்கொண்டு ஒரு மனுசன் என்ன செய்வது? "தீவாளி போனஸ் வரட்டும் அக்கா, பாத்துக்கலாம்" என்றான்.

"அதுக்கென்ன சாமி, பழகிப்போச்சு" என்றாள் பொன்னாத்தா.

முதலில் கண்டுபிடித்தது எதிர்வீட்டுப் புஷ்பலதாதான். வடகத்துக்கு மாவு கிண்டி மாடியில் பிழிந்தால் காக்கை கொத்துகிறது, குரங்கு அள்ளுகிறது, தூசி படிகிறது, ஈஸ்வரமூர்த்தி வீட்டு ஹாலில் பொன்னாத்தாவைச் சுற்றி விழுகிற வெயிலிலோ காக்கைக்கு வழியில்லை. ஒரு தட்டைக் கொண்டுவந்து, "அக்கா, சித்தெ உக்காந்திருக்கீங்களா, இப்ப காஞ்சிரும்" என்று அவள் காலடியில் வைத்தாள். மறுநாள் ரெண்டு வீட்டுத் தட்டு வந்தது, அந்த வாரக் கடைசியில் தெரு முழுக்க வந்தது, அரிசி வடகம், வெங்காய வடகம், மோர் மிளகாய், உப்புக்கண்டம், பிள்ளைகளின் ஈர யூனிபாரம் எல்லாம் வந்தது, பொன்னாத்தாவை ஹால் நடுவில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, பொழுது நகர நகர, "அக்கா, இந்தப் பக்கம் திரும்புங்க, அக்கா, அந்தப் பக்கம் திரும்புங்க" என்று திருப்பினார்கள். கடைசி வீட்டு ஆள் தன் சோலார் விளக்கை அவள் மடியில் வைத்துச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு போனான். ஆளுக்கொரு டப்பா வடகம் கலாமணிக்குச் சேர்ந்தது. அந்தத் தெருவில் கலாமணிக்கு அதுவரை கிடைக்காத மரியாதையும் சேர்ந்தது.

மழை வந்தபோது இன்னொன்று தெரிந்தது. அந்தத் தெருவில் போர் தண்ணீர் உப்பு, டீ போட்டால் பால் திரியும். மாடியில் விழுகிற மழைத்தண்ணீரில் புறாக் கழிவு. பொன்னாத்தாமேல் விழுகிற மழையோ தொட்டியும் கான்கிரீட்டும் வடிகட்டி அனுப்பியது, இளநீரைப்போல இருந்தது. ஹாலில் நிலத்தடித் தொட்டியின் மூடியைத் திறந்து, அதன்மேல் கம்பிச் சட்டம் வைத்து, மழை வரும்போதெல்லாம் அதில் அவளை உட்காரவைத்தார்கள். தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது. "எங்கக்கா மகாலட்சுமி" என்று அவள் நெற்றியில் குங்குமம் வைத்தார்கள், மழை அதை உடனே கழுவியது. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள், இவர்கள் எரிகிற வீட்டில் விறகையும் மிச்சம் பிடித்தார்கள். பொன்னாத்தாவுக்குத் தோல் உரிந்தது, உரிந்த இடத்தில் தண்ணீர் விழுந்து புண்ணானது, வேட்டி துவைக்கிற சத்தம்போல ஒரு இருமல் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. கனிஷ்கா மட்டும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வெயில் வட்டத்துக்குள் நுழைந்து அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "சுடுதா அத்தே?" என்று கேட்பாள்.

அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டரம்மா நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டுக் கோபமாகச் சொன்னார்: "ஐப்பசியில அடைமழை பிடிச்சா இவங்க தாங்க மாட்டாங்க. காய்ஞ்ச இடத்துல படுக்க வைங்க. மருந்தெல்லாம் அப்புறம்."

வீட்டுக்கு வந்ததும் பொன்னாத்தா தன் வாழ்நாளில் முதல்முறையாகத் தம்பியிடம் ஒன்றைக் கேட்டாள். "அந்த நாலு ஆள் டென்ட்ட எடுத்தரலாமா சாமி?"

ஈஸ்வரமூர்த்தி சரியென்றுதான் தலையாட்டினான். விஷயம் தெருவுக்குப் போனது. புஷ்பலதா தலைமையில் ஒரு கூட்டம் வந்து ஹாலில் நின்றது. கூரை சரியாகிவிட்டால் வருஷத்துக்குத் தண்ணீருக்கு எங்கே போவது, கைக்குழந்தை வைத்திருக்கிறவர்கள் உப்புத்தண்ணியிலா பால் கரைப்பார்கள், டாக்டர் என்றால் அப்படித்தான் பயமுறுத்துவார்கள், ஐப்பசி கார்த்திகை ரெண்டு மாசம் போகட்டும், தைப் பொங்கலுக்கு நாங்களே வரிபோட்டு வாங்கித் தருகிறோம், நாலு ஆள் என்ன, பத்து ஆள் டென்ட்டே வாங்கித் தருகிறோம் என்றார்கள். கலாமணி கூட்டத்துக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். ஊரைப் பகைத்துக்கொண்டு எப்படி இருப்பது என்று ஈஸ்வரமூர்த்தி அக்காளைப் பார்த்தான். இவர்களில் ஒருவருக்குக்கூட அவள்மேல் வெறுப்பு இல்லை, அதை நினைத்தால்தான் கதை சொல்கிற எனக்கு வயிறு எரிகிறது.

போனஸ் வந்தது. வாஷிங் மெஷின் வாங்கினார்கள்.

ஐப்பசிக்கு முந்தின வாரம் பொன்னாத்தா தனியாகக் கடைவீதிக்கு நடந்தாள். காதில் கிடந்த தோட்டைக் கழற்றித் துரைசிங்கத்தின் மேசையில் வைத்தாள். "இதுக்கு என்ன வருமுங்க?"

அவர் தோட்டை எடைபோட்டுப் பார்த்துவிட்டு ரெண்டு டென்ட்டை எடுத்துப் போட்டார். ஒன்று நாலு ஆள் டென்ட். இன்னொன்று ஒற்றை ஆள் டென்ட், சின்னதுதான், ஆனால் தனியாக மலையேறுகிறவர்கள் கேட்டு வாங்குவது, அலுமினியக் கம்பி, இரட்டைத் துணி, கையில் எடுத்தால் ஒரு சேலை கனம். "ரெண்டும் ஒரே வெலைதானுங்க. எது வேணுமின்னு பாருங்க."

அவள் பார்த்தாள். ஈஸ்வரமூர்த்தியைப்போலத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கவில்லை, தண்ணீரை அவளுக்குத் தெரியும், எந்தத் தையலின் எந்த மூலையில் அது முதலில் மூக்கை நுழைக்கும் என்று தெரியும், அந்த இடங்களை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு நாலு ஆள் டென்ட்டுக்குள் தவழ்ந்து போய் உட்கார்ந்தாள். இங்கே தம்பி படுப்பான், இங்கே கலாமணி, நடுவில் பாப்பா, இங்கே நான் என்று கையால் தட்டித் தட்டி இடம் போட்டுப் பார்த்தாள். நாலு பேரில் சேர்ந்தாலும் தன் இடம் ஓரத்தில்தான் வந்தது. நாலு பேரும் வந்து நின்று வாய் திறந்து சொல்ல வேண்டும், கெஞ்சிக் கூட்டிவர வேண்டும், கூட்டிவந்தாலும் கடைசி நேரத்தில் ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவள் வெளியே வந்து சின்ன டென்ட்டின்மேல் கையை வைத்தாள்.

"எத்தன ஆளுக்குங்க?"

அந்த எண்ணை அவள் சொன்னதே கிடையாது.

"எத்தன ஆளுக்குங்கம்மா?"

"பாப்பா எங்கூடத்தான் படுக்கும்..." என்று இழுத்தாள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கடைசியாக் கேக்கறேன். எத்தன ஆளு?"

"ஒருத்திக்குங்க" என்றாள் பொன்னாத்தா.

ஹாலின் நடுவில், தொட்டி மூடிக்குப் பக்கத்தில், அவள் அந்த டென்ட்டை அடித்து உள்ளே போய் ஜிப்பை இழுத்துக்கொண்டாள். டென்ட்டுக்குள் இருக்கிறவரை வெயில் அவளை விட்டுவிட்டது. நிழல் என்றால் எப்படியிருக்கும் என்பதையே மறந்திருந்தவள், அதற்குள் குப்புறப் படுத்துக் கன்னத்தைத் தரையில் வைத்து அழுதாள். அந்த வாரம் இருமல் குறைந்தது, புண் காய ஆரம்பித்தது. தெரு கொதித்தது. வயதான காலத்தில் இவளுக்கு இவ்வளவு சுயநலமா என்றார்கள், ஒரு தெருவையே நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டாள் என்றார்கள், மாவுத் தட்டுகளை அவள் டென்ட் வாசலில் டங்கென்று வைத்துவிட்டுப் போனார்கள், மாவு புளித்தது. கனிஷ்கா ஜிப்புக்கு வெளியே உட்கார்ந்து பாடம் படித்தாள். "நான் உள்ள வரட்டுங்களா அத்தே?" என்று கேட்டால், "வேண்டாங் கண்ணு, இங்க எடமில்ல" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அடைமழை ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானத்தில் இறங்கியது. குடங்களோடு தெரு ஹாலில் கூடியது. தொட்டி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. நல்லவிதமாகக் கூப்பிட்டார்கள், சாமி பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், பொன்னாத்தா வரவில்லை. அப்போதுதான் கலாமணிக்கு அந்த யோசனை வந்தது. மகளின் காதில் ஏதோ சொல்லி டென்ட்டைக் காட்டினாள்.

ஈஸ்வரமூர்த்தி மனைவியின் கையைப் பிடித்தான். "கடைக்காரன் சொன்னது மறந்துபோச்சா? அது ஒரு ஆளுக்கு."

"நங்கையாளுக்குப் பாப்பான்னா உசுரு. ஒரு சொட்டு உளுகறதுக்குள்ள அவுங்க வெளிய வந்துருவாங்க பாருங்க" என்றாள் கலாமணி. எல்லோருக்கும் அது உறுதியாகத் தெரிந்தது, ஏனென்றால் பொன்னாத்தாவை எல்லோருக்கும் தெரியும். ஈஸ்வரமூர்த்தி கையை விட்டான்.

கனிஷ்கா ஜிப்பைத் திறந்து உள்ளே நுழைந்தாள். "அத்தே, இடி இடிக்குது, பயமா இருக்குது." அத்தையின் இடது கையைத் தேடிப் பிடித்துத் தலையை வைத்தாள். வைத்த அந்த நொடியே மழை அவளைக் கண்டுபிடித்தது. கான்கிரீட்டைக் கடந்து, இரட்டைத் துணியைக் கடந்து, அந்தச் சின்ன உடம்பின் அளவுக்கு மட்டும் அச்சாகப் பெய்தது. பொன்னாத்தாவின் கை பாதி நனைந்தது, கனிஷ்காவின் தலைக்குக் கீழே இருந்த பாதி. மீதி காய்ந்திருந்தது.

"அத்தே, நனையுது" என்றாள் கனிஷ்கா.

பொன்னாத்தா எழுந்து உட்கார்ந்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கியது, வெளியே இத்தனை மூச்சு அடங்கி நிற்பது எதற்காக என்றும் விளங்கியது. தான் வெளியே போனால் உள்ளே ஒருத்தி மட்டும் மிஞ்சுவாள், மழை பாப்பாவை விட்டுவிடும். கை ஜிப்பை நோக்கிப் போகவும் போனது. உலகத்தில் அவள் நேசித்தது இந்த ஒரு குழந்தையைத்தான், அதில் பொய்யே கிடையாது. ஆனால் சேலை காய்ந்திருந்தது. முதுகு காய்ந்திருந்தது. தலைமுடி காய்ந்து, பிரிபிரியாக, சீயக்காய் வாசனையோடு தோளில் கிடந்தது. வெளியே போனால் தை வரை அந்தக் கம்பிச் சட்டத்தின்மேல் உட்கார வேண்டும், தை வரை அவள் இருக்க மாட்டாள். இருந்தாலும் அது முடியாது. காய்ந்து கிடப்பது எவ்வளவு ருசி என்று இப்போது அவளுக்குத் தெரிந்துபோயிருந்தது, அது குழந்தையைவிட ருசியாக இருந்தது.

முந்தானையால் கனிஷ்காவின் முகத்தை ஒற்றி எடுத்தாள். நெற்றியில் முத்தம் கொடுத்தாள். பிறகு அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, ஜிப்புக்கு வெளியே ஹாலில் நிறுத்திவிட்டு, ஜிப்பை இழுத்துக்கொண்டாள்.

ஹாலில் அத்தனை பேருக்கு நடுவே கனிஷ்காமேல் மட்டும் மழை பெய்தது. யார் கையிலோ குடம் நழுவி உருண்டது. கலாமணி போட்ட சத்தத்தில் தெருநாய்கள் ஊளையிட்டன, அவள் மகளைக் கட்டிப்பிடித்துத் தன் உடம்பால் மூடினாள், மழை அவளையும் கடந்து பிள்ளைமேலேயே இறங்கியது, கலாமணியின் சேலை ஈரமாகவில்லை. ஈஸ்வரமூர்த்தி டென்ட்டின்மேல் பாய்ந்தான். கம்பியைப் பிடித்து ஒடித்தான், அது வில்லாக வளைந்து நிமிர்ந்தது. தையலைப் பிடித்துக் கிழித்தான், நகம் பெயர்ந்தது, தையல் பெயரவில்லை. வைகாசி முழுக்க அலைந்து தேடியும் தன் கண்ணில் படாத டென்ட் இதுதான் என்று அந்த நிலைமையிலும் அவனுக்குத் தெரிந்தது. "அக்கா, வெளிய வா, அக்கா, கும்பிடறேன்" என்று துணியின்மேல் முகத்தை வைத்துக் கதறினான். குடம் கொண்டுவந்தவர்கள் சுவரோரமாக நகர்ந்து நின்றார்கள். புஷ்பலதா குழந்தையைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள்.

"அத்தே" என்று கனிஷ்கா கூப்பிட்டாள். "அத்தே, குளுருது."

பொன்னாத்தா உள்ளே கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தாள். முதல் தடவை கூப்பிட்டபோது எழுந்து முழங்காலில்கூட நின்றுவிட்டாள். அடுத்த தடவை நெஞ்சு வலித்தது, கையால் அழுத்திக்கொண்டாள். அதற்கடுத்து வலி குறைந்தது. கூப்பிடக் கூப்பிடக் குரல் அதுபாட்டுக்கு வந்துகொண்டிருந்தது, கேட்கக் கேட்க அவளுக்குப் பழகிப்போனது. புரண்டு படுத்து, நனைந்த கையைப் போர்வையில் துடைத்துக்கொண்டு, மழை விடுவதற்கு முன்பே தூங்கிவிட்டாள்.